ஏழு பேர் பங்கு வீடும் உப்புத் தேத்தண்ணியும்

வியாபாரச் சகோதரர்களே, இந்த வாரம் கடைக் கணக்கை எழுதவில்லை, ஒரு விடுமுறை வீட்டின் கதையை எழுதுகிறேன். ஆனால் வாசித்து முடிக்கும்போது இதுவும் கடைக் கணக்குத்தான் என்பது உங்களுக்கு விளங்கும்.

2024 ஜூனில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு மண்கும்பானுக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் பார்த்துக்கொண்டு, அல்லைப்பிட்டியைக் கடந்தால் அரை மணித்தியாலத்துக்குள் மண்கும்பான். அங்கே எங்கள் பங்கு வீடு இருக்கிறது. நாலு மாதம் திருத்த வேலை நடந்து முடிந்த பிறகு என்னுடைய முதல் வாரம் அது. போய் இறங்கியதும் மனைவி கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன். உப்புக் கரித்தது. பன்னிரண்டு வருடமாக நாங்கள் போத்தலில் நிரப்பிக் கடைக்குக் கொண்டுபோன தண்ணீர் அது.

வாரக் கணக்கில் ஒரு வீடு

2012இல் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து, மண்கும்பானில் நாலு பரப்புக் காணியும் அதிலிருந்த பழைய ஓட்டு வீட்டையும் வாங்கினோம். ஆளுக்கு 3 லட்சம் ரூபா. ஐந்து பேர் முஸ்லிம்கள், இரண்டு பேர் வேலணைப் பக்கத்துத் தமிழர்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் கடனுக்குச் சாமான் கொடுத்துப் பழகியவர்கள்.

வருடத்துக்கு 52 வாரம். ஆளுக்கு ஏழு வாரம் என்றால் ஏழேழு நாற்பத்தொன்பது. மிச்சம் மூன்று வாரம் வெள்ளையடிக்க, கிணறு இறைக்க, ஓடு மாற்ற. தை மாதம் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த வாரம் என்று பார்ப்போம். பெருநாள் வாரமும் தைப்பொங்கல் வாரமும் முறை வைத்து மாறும். மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபா பராமரிப்புப் பணம். இவ்வளவும் வாய்ப்பேச்சில் நடந்தது. காணி உறுதியில் ஏழு பேரின் பெயரும் இருந்தது. அதற்கு மேல் ஒரு துண்டுக் கடுதாசியும் கிடையாது.

எனக்கு அந்த வீட்டில் பிடித்தது அதன் விறாந்தை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 20 வயது. எங்கள் வாப்பாவின் வீட்டிலும் அப்படியொரு விறாந்தை இருந்தது. புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் இருபது வருடம் கழித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் அந்த வீட்டில் சுவர்கூட மிச்சமில்லை. மண்கும்பான் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தால் எனக்கு நித்திரை வரும். வீட்டில் கட்டிலில் வராது.

லண்டனில் இருக்கும் என் மருமகன் ஒருமுறை வந்து தங்கிவிட்டு, “மாமா, இதைத்தான் அங்கே டைம் ஷேர் என்று விக்கிறாங்க” என்றான். பிறகு விசாரித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை மட்டும் விற்பது. ஐரோப்பாவில் 1960களில் தொடங்கியது. சுவிற்சர்லாந்தின் ஹாபிமாக் நிறுவனம் 1963ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உன் வாரத்தை நீ இன்னொரு ஊரில் கழிக்கலாம் என்று மாற்றிக் கொடுக்கும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974இல் அமெரிக்காவில் வந்தது. இந்தியாவில் 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங், 1996இல் வந்த கிளப் மகிந்திரா ஆகியவற்றைச் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் விளம்பரத்திலாவது பார்த்திருப்பீர்கள். மக்காவில் ஹரத்துக்கு முன்னால் நிற்கும் ஸம்ஸம் கோபுரத்தில்கூட 24 வருடத்துக்குத் தங்கும் உரிமையைச் ‘சுகூக் அல்-இன்திஃபா’ என்ற பத்திரங்களாக ஒரு குவைத் நிறுவனம் விற்றது. கட்டடம் உங்களுடையது அல்ல, அதன் பயன் குறித்த காலத்துக்கு உங்களுடையது.

பெரிய விடுதியோ எங்கள் ஓட்டு வீடோ, இதில் ஒரு கஷ்டம் பொதுவானது. நீங்கள் காசு கொடுத்தது உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்துக்கு. அந்த இடத்தை மாற்றும் கையோ உங்களுடையது மட்டுமல்ல.

திருத்தம் நடந்த விதம்

2023 முடிவில் கூரை ஒழுகத் தொடங்கியது. எங்களில் ஒருவர் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஹாட்வெயார் நானா என்றே வைத்துக்கொள்வோம். அவர் கடைக்குப் போன் எடுத்து, “ஓட்டை மட்டும் மாத்தி என்ன பிரயோசனம்? இப்ப வெளிநாட்டு ஆக்கள் தீவுப் பக்கம் வாறாங்க. ஒரேயடியாத் திருத்தினா சும்மா கிடக்கிற வாரங்களை வாடகைக்கும் விடலாம்” என்றார். கல்லாவில் சனம் நின்றது. “நல்லாச் செய்யுங்க நானா” என்று சொல்லிப் போனை வைத்தேன். மற்ற ஐந்து பேரும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறார்கள்.

நாலு மாதத்தில் 35 லட்சம் ரூபா. ஆளுக்கு 5 லட்சம். 2022 நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் விற்ற விலை உங்களுக்குத் தெரியும். காசைத் தவணையில் கட்டினோம். வேலையை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தபோது விறாந்தையை அடைத்து இரண்டு ஏசி அறை கட்டியிருந்தது. ஓட்டுக்குப் பதில் தகரச் சீற். வெய்யில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது, ஏசி போட்டே ஆக வேண்டும். நிலத்துக்குப் பளபளப்பான மாபிள். கடல் மண் காலோடு வந்தால் வழுக்கும், என் உம்மாவுக்கு 78 வயது. வாகனம் நிறுத்த மூன்று தென்னையும் ஒரு வேம்பும் தறித்திருந்தது. ஒரு குளியலறை இருந்த இடத்தில் நாலு. வாளியும் கயிறும் இருந்த கிணற்றில் பெரிய மோட்டர், மேலே 2000 லீற்றர் தாங்கி.

ஏழு வாரத்தில் ஒரு வாரம் இருக்கப் போனவன் இரண்டாம் நாளே திரும்பி வந்தேன்.

நான் செய்த பிழைகள்

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். முதலாவது, ஹாட்வெயார் நானாவோடு பேச்சை நிறுத்தினேன். அவர் கடைக்கு முன்னால் போகாமல் சுற்றிப் போனேன். இரண்டாவது, மாதப் பராமரிப்புப் பணத்தை நிறுத்தினேன். மூன்றாவது, தன் கடைச் சாமானைத் தள்ளிவிடத்தான் அவர் இவ்வளவும் செய்தார் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

பிறகு பங்கை விற்றுவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். ஏழில் ஒரு பங்கை யார் வாங்குவார்? இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேரும் நான் போட்டதில் பாதிகூடச் சொல்லவில்லை. ஒரு சட்டத்தரணியிடம் போனேன். “1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின்படி பங்காளி ஒருவர் தனியாகவே வழக்குப் போடலாம். காணியைப் பிரித்துத் தரலாம், பிரிக்க முடியாவிட்டால் விற்றுக் காசைப் பிரிக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் இழுபடும். ஏழு பேரும் பிறகு முகம் பார்க்க மாட்டீர்கள்” என்றார்.

பெரிய நாடுகளிலும் இதே கதைதான். ஹவாயின் காவாய் தீவில் ‘த பொயின்ட் அட் பொய்ப்பு’ என்ற கடலோர டைம் ஷேர் விடுதியில் கட்டடத்துக்குள் நீர் கசிந்து பழுதாகிவிட்டது. 2011 முடிவில் திருத்த வேலைக்கு 6 கோடி 50 லட்சம் டொலருக்கு மேல் வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு அறிவித்தார்கள். வருடத்தில் ஒரேயொரு வாரம் வைத்திருந்தவருக்கும் 5 ஆயிரம் டொலருக்கு மேல் வந்தது. விடுமுறைக்கு வாங்கிய வாரம் கடன் சீட்டாக மாறியது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. கோபத்தில் பணம் கட்டாமல் விடுகிறவர் முதலில் இழப்பது தங்கும் உரிமையைத்தான். கட்ட வேண்டிய பணம் அப்படியே நிற்கும்.

ஐரோப்பாவில் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, டைம் ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்குள் முற்பணமும் வாங்கக் கூடாது. ஸ்பெயினில் 50 வருடத்துக்கு மேல் முடிவில்லாமல் கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று 2015 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எந்தச் சட்டமும் பழைய விறாந்தையைத் திருப்பித் தராது. அதை நாமேதான் பேசித் தீர்க்க வேண்டும்.

கொப்பியில் இரண்டு பக்கம்

ஓகஸ்டில் ஒரு புதன்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தனியாக மண்கும்பானுக்குப் போனேன். கையில் கடைக் கொப்பி. இடப்பக்கம் ‘எனக்குப் பிடிக்காதது’, வலப்பக்கம் ‘பழுது’ என்று தலைப்புப் போட்டேன். வாயில் வந்த பதினொரு குறையையும் பிரித்து எழுதியபோது ஏழு குறை இடப்பக்கம் போனது. சுவரின் நிறம், கதவின் வேலைப்பாடு, கேற், இப்படி. அவை என் ரசனை, இன்னொருவருக்குப் பிடிக்கலாம். வலப்பக்கம் நின்றது நாலுதான்: உப்புத் தண்ணீர், வெக்கை, வழுக்கும் நிலம், காற்று வராத விறாந்தை. இரண்டு மாதம் பதினொன்றையும் ஒரே கோபமாகச் சுமந்திருக்கிறேன்.

பக்கத்துக் காணியில் இருக்கும் ஐயா வந்தார். கிணற்றைப் பற்றிக் கேட்டேன். “மண்ணுக்குள்ள கிடக்கிறது மழைத் தண்ணி தம்பி. வாளியால அள்ளினா மேல நிக்கிற நல்ல தண்ணி வரும். மோட்டரால இழுத்தா அடியில கிடக்கிற உப்பு ஏறும். கட்ட முன்னம் என்னட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்” என்றார்.

அவர் சொன்னதை நூறு வருடத்துக்கு முன்பே விஞ்ஞானிகள் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். தீவுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அரை அடி இறங்கினால், போகப்போகக் கீழே இருபது அடிக்கு உப்பு ஏறிவிடும். கடனுக்கு வாங்கி வியாபாரம் செய்கிறவருக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். மேலே தெரியும் கையிருப்பில் கொஞ்சம் எடுத்தாலும் அடியில் இருப்பது பல மடங்கு ஆட்டம் காணும்.

ஒரு மஃரிபுக்குப் பிறகு

செப்டெம்பரில் ஏழு பேரும் அந்த வீட்டிலேயே கூடினோம். நான் வலப்பக்கத்து நாலு குறையை மட்டும் வாசித்தேன். ஹாட்வெயார் நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாலு மாசம் கடையை விட்டிட்டு இங்க வெயிலுக்க நிண்டன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆராவது வந்து பாத்தீங்களா?” என்றார். பில் கோவையை எடுத்து முன்னால் வைத்தார். மாபிளும் சீற்றும் அவருடைய கடைச் சாமான்தான். போட்டிருந்தது கொள்விலை.

அவரைப் பற்றி நான் சொன்ன கதை அவருடைய காதுக்குப் போயிருந்தது. எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு 55 வயது. அவ்வளவு வெட்கப்பட்ட நாள் குறைவு. வேலணை அரிசிக்கடை அண்ணைதான் அடுத்த வார்த்தையைச் சொன்னார்: “நானா களவெடுக்கேல்ல. ஆனா தன்ர கடையில தானே வாங்கினதும் பிழை. வேற கடை விலை கேட்டிருந்தா இண்டைக்கு இந்தக் கதையே வந்திருக்காது.” ஹாட்வெயார் நானாவும் அதை ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச்சு வேலைக்கு வந்தது. பெரிய மோட்டரை விற்றுச் சிறியது போடுவது. காலையும் மாலையும் அரை மணித்தியாலம் மட்டும் இறைப்பது. மழை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீர் எடுப்பது. சீற்றுக்கு மேலே கிடுகு வேய்வது. மாபிளில் வழி நடக்கும் இடத்தை மட்டும் உடைத்துச் சொரசொரப்பாகச் சீமெந்து போடுவது. விறாந்தையில் கடல் பக்கத்து அறையின் சுவரை எடுத்துவிடுவது, மற்ற அறை இருக்கட்டும். இதற்கு மேலும் 2 லட்சத்து 80 ஆயிரம், ஆளுக்கு 40 ஆயிரம்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடலின் உயர்நீர் மட்டத்தில் இருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். புதிதாகக் கட்டிய குளியலறைகளுக்கு நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டை இடித்தோம், மிச்சத்துக்கு முறையாக விண்ணப்பம் போட்டோம். தீவுப் பக்கம் விடுதி, கடை, களஞ்சியம் என்று போடுகிறவர்கள் இதைக் கவனத்தில் எடுக்கவும்.

எழுதி வைத்தது

அந்த மாதமே நொத்தாரிசிடம் போய் ஒப்பந்தம் எழுதினோம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி சம்பந்தமான உடன்பாடு நொத்தாரிசு முன்னால் எழுதப்படாவிட்டால் செல்லாது. ஆயிரம் ரூபாவுக்கு மேல் முதல் போட்ட பங்கு வியாபாரமும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கூட்டு வியாபாரம் செய்யும் நம்மவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரத்துல் பகராவின் 282ஆவது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

எங்கள் ஒப்பந்தத்தின் சாரத்தைத் தருகிறேன். கூட்டாக எதையாவது வைத்திருப்பவர்கள் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பழுது பார்ப்பதற்கு நாலு பேரின் சம்மதம் போதும். சுவரை, கூரையை, கிணற்றை, மரத்தை மாற்றுவதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் ஏழு கையெழுத்தும் வேண்டும்.

மாதம் ஆளுக்கு 5 ஆயிரம் ரூபா. வருடத்தில் 4 லட்சத்து 20 ஆயிரம் சேரும். அதில் பாதி பெரிய திருத்தத்துக்கென்று தொடாமல் வங்கியில் கிடக்கும்.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வேலைக்கு மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். பங்காளியின் கடையும் விலை தரலாம், ஆனால் அந்தத் தீர்மானத்தில் அவருக்கு வாக்கு இல்லை.

வேலை நடக்கும்போது வாரம் ஒருவர் முறை வைத்துப் போய்ப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

விலக விரும்புகிறவர் முதலில் மற்ற ஆறு பேரிடமும் கேட்க வேண்டும். மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்கு அவர்கள் 12 மாதத் தவணையில் வாங்கலாம்.

ஒருவர் மௌத்தானால் அவருடைய வாரிசுகள் சார்பில் ஒரே ஒருவர்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் வாரிசுப் பங்குகள் பிரிந்து ஏழு பேர் என்பது முப்பது பேராகிவிடும்.

தைமாதத் தேத்தண்ணி

ஒக்டோபரில் தொடங்கி மார்கழி வரை நல்ல மழை. 2025 தைமாதச் சீட்டில் எனக்கு முதல் வாரமே விழுந்தது. போனதும் மனைவி கிணற்றில் வாளியால் அள்ளித் தேத்தண்ணி வைத்தார். குடித்துப் பார்த்தேன். பழைய ருசி என்று சொல்ல மாட்டேன், அடி நாக்கில் இன்னும் கொஞ்சம் கரிப்பு இருக்கிறது. ஆனால் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

விறாந்தையில் பாதிதான் மிச்சம். பாய் போட இடம் போதும், முன்போல மூன்று பேர் படுக்க முடியாது. வேம்பு நின்ற இடத்தில் ஹாட்வெயார் நானா தன் கையால் ஒரு கன்று வைத்திருக்கிறார். அந்த நிழலில் இருக்க என் பேரன்களுக்குத்தான் கொடுத்து வைக்கும். மாபிளின் நிறம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அதைக் கொப்பியின் இடப்பக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் தம்பியோடு கடை, மச்சானோடு லொறி, கூட்டாளிமாரோடு காணி என்று எதையாவது பங்கில் வைத்திருப்பீர்கள். இந்த வெள்ளிக்கிழமை கடை பூட்டிய பிறகு அந்தக் கடுதாசியை எடுத்துப் பாருங்கள். கடுதாசியே இல்லையென்றால், நல்லுறவு இருக்கும்போதே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மனஸ்தாபம் வந்த பிறகு எழுதப் போன எங்களுக்கு அது 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாவையும், ஒரு நல்ல மனிதரிடம் மூன்று மாதம் முகம் கொடுக்காத வெட்கத்தையும் வைத்துவிட்டது.